கடைசி நாளுக்கு எந்தத் துணி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையின் பயண இணைப்புக்கு, 'பெட்டியைத் திறம்பட அடுக்குவது எப்படி?' என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். கேட்ட ஆசிரியை அம்மாள் கறாரானவர். "சுருக்கமா, நாலு பேருக்குப் பிரயோசனமா எழுதுங்க. கதை கிதை விட்டுடாதீங்க" என்றார். என்னைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

பெட்டி அடுக்குவதில் என் ஞானம் பூஜ்யம். ஊருக்குப் போகிறேன் என்றால் அலமாரியைப் பெட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, மேலே பல் பிரஷ்ஷை எறிந்துவிட்டுக் கிளம்புகிற ரகம் நான். அதனால் யாரையாவது கேட்டு எழுதுவோம் என்று, முன்பு நான் வீடு மாறியபோது என் சாமான்களை லாரியில் ஏற்றித் தந்த லோடு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். சரக்கு லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர். எது எங்கே போக வேண்டும் என்று கையை மட்டும் நீட்டுவார், ஆட்கள் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். என் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள்கூட ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன.

"இதுல என்ன சார் இருக்கு? கடைசியா எறங்குறது மொதல்ல ஏறணும். மொதல்ல எறங்குறது கடைசியா ஏறணும். லாரின்னா என்ன, பெட்டின்னா என்ன? அவ்வளவுதான்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை.

"சார், எங்க வீட்ல இன்னிக்கு சாயங்காலம் ஊருக்குக் கெளம்புறாங்க. பெட்டி கட்டலாம்னு உக்காந்தேன். முடியல."

"உங்களுக்கா? ஏன்?"

"கடைசியா எது எறங்கும்னு அவங்க சொல்ல மாட்டேங்குறாங்க சார்."

அதற்குள் யாரோ அவரை உள்ளே கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதற்கு மேல் வரப்போவதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது. அந்த மனைவி ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பெட்டியைத் திறந்தபோது அதற்குள் ஓர் இருள்—'

வேண்டாம். இத்தனை நாள் மூடி வைத்திருந்த பெட்டிக்குள் இருள் இல்லாமல் பின்னே என்ன இருக்கும்?

'கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. ஆனால் அன்றைக்கு—'

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த பாராவில் சண்டை வந்தே தீர வேண்டும். வாசகர் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

'மேஸ்திரி அன்றும் தள்ளாடிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.'

இது வெகு சௌகரியமாக இருந்தது. புருஷன் குடிகாரன் என்று போட்டுவிட்டால் பெண்டாட்டி பெட்டி கட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம், நானும் அரை நாளில் கதையை முடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் போனில் நான் கேட்ட குரல் குடிகாரனுடையது அல்ல. கணக்குத் தப்பாமல் வாழ்ந்த ஒரு மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் புரியாமல் நிற்கிற குரல் அது. எனவே குடியை அடித்துவிட்டேன். அவரை நல்லவராகவே வைத்துக்கொண்டு இந்தக் கதை நகருமா என்று பார்க்கலாம்.

3

இரண்டாம் மாடி வீடு. படுக்கையறையில் கட்டிலின் மேல் சாம்பல் நிறப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேஸ்திரி ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஒரு துணியும் இல்லை.

அவர் மனைவிக்குப் பல் லேபில் வேலை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் செதுக்கிப் பல் செட் செய்வாள். இன்னொரு ஊரில் புதிதாக ஒரு பெரிய லேப் திறக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கை வேலை பழக்கிக் கொடுக்க ஆறு மாதம் வர முடியுமா என்று அவளைக் கேட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள்.

(அவருக்கு 'ர்', அவளுக்கு 'ள்' என்று எழுதுவது எனக்கே உறுத்துகிறது. இரண்டு பேரையும் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யார் துணியை யார் மடிக்கிறார்கள் என்று எனக்கே புரியாமல் போய்விட்டது.)

"கடைசி நாளுக்கு எந்தத் துணி?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எந்தக் கடைசி நாள்?"

"திரும்பி வர்ற நாள். அதைத்தானே மொதல்ல அடியில போடணும்."

"எதையாவது போடுங்க."

"எதையாவதுன்னா? அப்ப வெயிலா இருக்குமா, குளிரா இருக்குமா? ராத்திரி வண்டியா, பகல் வண்டியா? சும்மா கைக்குக் கெடச்சதை அடியில போட்டுட முடியுமா?"

"ஆறு மாசம்னு ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருக்காங்க. முன்னப் பின்ன ஆகலாம்."

"முன்னயா, பின்னயா?"

அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள். மடித்த துண்டையே மறுபடியும் உதறினாள்.

அவர் குணத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அடுக்களையில் கரண்டிகூடக் காரணமில்லாமல் ஓர் இடத்தில் தொங்காது. காலையில் எது முதலில் வேண்டுமோ அது முன்னால், ராத்திரி எது வேண்டுமோ அது பின்னால். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டியது கைக்கு வரும். பெட்டியும் அப்படித்தான். ஒருமுறை குடும்பத்தோடு குளிர்ப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போனார்கள். முதல் நாள் மலை உச்சி, இரண்டாம் நாள் அடிவாரத்து ஏரி என்று திட்டம். மலைப் பாதை அடைத்திருந்ததால் முதல் நாளே ஏரிக்குப் போகும்படி ஆயிற்று. ஆனால் பெட்டியின் மேலடுக்கில் இருந்ததோ கம்பளி. "மேல இருக்கிறதைப் போட்டாத்தான் கீழ இருக்கிறது கலையாது" என்று ஒரே பிடி. சுள்ளென்று வெயில் அடிக்கிற ஏரியில், குல்லாவும் ஸ்வெட்டருமாக, அந்தக் குடும்பம் படகில் போனது. படகுக்காரன் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து மெதுவாகவே துடுப்புப் போட்டானாம்.

இதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி சிரிப்பாள். கோபமாகச் சொன்னதே இல்லை. இதை நான் குறித்துவைத்துக்கொண்டேன், ஏனென்றால் கோபம் இல்லாமல் ஒருத்தி கிளம்புவதற்கு நான்தான் இனிக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

4

நடுவில் ஒரு சொந்தப் புலம்பல். வேண்டாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம்.

மேஸ்திரியின் விதி கதை எழுதுகிறவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிவை முதலில் அடியில் போட்டுவிட்டு, அதன் மேல் மற்றதையெல்லாம் அடுக்கிக்கொண்டே வா, வாசகன் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடிக்கு வரும்போது அது தயாராகக் காத்திருக்கும் என்பார்கள். நல்ல யோசனைதான். என்னிடம் முடிவு இல்லை. அடியில் போட ஒன்றும் இல்லாமல், அதே காலிப் பெட்டியின் முன்னால்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேஸ்திரிக்காவது கேட்பதற்கு எதிரில் ஒரு மனைவி இருக்கிறாள்.

ஆசிரியை அம்மாள் போன் செய்தார். "கட்டுரை என்னாச்சு?" என்றார். "பெட்டியைத் திறந்துட்டேன் மேடம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

5

இரண்டு பேர் மட்டும் ஓர் அறையில் இருந்தால், அதுவும் இந்த மாதிரி இரண்டு பேர் இருந்தால், பேச்சு எழும்பாது. எனவே ஒரு மச்சினியை வரவழைத்தேன். மேஸ்திரியின் மனைவிக்குத் தங்கை. வாய் அதிகம், அதற்கேற்ற கை வேகமும் உண்டு. மாமாவைக் கிண்டல் செய்ய அவளுக்கு முழு உரிமை இருக்கிறது. மாமாவும் அதை ரசிப்பார்.

அவள் அறைக்குள் வந்தபோது மேஸ்திரி பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஓர் எழுத்தாளராம், பெட்டி அடுக்குவது எப்படி என்று கேட்கிறாராம். (ஆமாம், நான்தான். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.)

"மாமா! காலியா இருக்கிற பெட்டிக்கு எதுக்கு லீவு போட்டீங்க? உள்ள வாங்க!" என்று மச்சினி கூப்பிட்டாள். போன் கட்டானதற்குக் காரணம் இந்தக் குரல்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன லாரியா மாமா? தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டப் போறீங்களா? தள்ளுங்க."

ஒரு சட்டையை எடுத்தாள். படுக்கையில் விரித்து, கைகளை உள்ளே மடித்து, கீழிருந்து இறுக்கமாகச் சுருட்டினாள். சுருட்டியதைப் பெட்டியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்தினாள். அடுத்தது, அதற்கு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாத் துணிகளும் தலையைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன.

"இதுல அடியும் கெடையாது, மேலயும் கெடையாது. எது வேணுமோ அதை மட்டும் உருவிக்கலாம். மொத நாள், கடைசி நாள்ங்கிற பேச்சே இல்ல."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். ஒரு சுருளை உருவினார். பக்கத்தில் நின்றது சாயவில்லை. மறுபடியும் செருகினார். நல்ல வேலையை நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு தொழில் ரத்தம் சும்மா இருக்குமா? "ஆனா கனமானது சக்கரத்துப் பக்கம் வரணும். நிமிர்த்தி இழுக்கும்போது தலை கனத்தா கவிழ்ந்துடும். ஷூவை இங்க போடு. ஷூவுக்குள்ள ஏன் காத்தை அடைச்சு வெக்கிற? சாக்ஸை உள்ள தள்ளு. பெல்ட்டைச் சுருட்டாத, ஓரத்தைச் சுத்தி ஓட விடு."

இரண்டு பேருமாகப் போட்டி போட்டுக்கொண்டு அடுக்கினார்கள். அவள் சுருட்ட, அவர் சந்து பார்த்துச் செருக, ஷாம்பு பாட்டிலுக்கு இரட்டைக் கவர், ஊசி நூலுக்கு மூடியுள்ள டப்பா. ஊருக்குப் போகிறவளோ ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பெட்டியில் ஒரு பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்று மச்சினி கையைத் தட்டினாள். "சாயங்காலம் நான் நேரா ஸ்டேஷனுக்கு வந்துடுறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அக்காவின் மனசு தெரியுமா, தெரிந்துதான் கடைசி நாளையே ஒழித்துக்கட்டுகிற முறையைக் கொண்டுவந்தாளா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. கேட்டால் என்னையும் கிண்டல் செய்வாள் என்று பயமாக இருந்தது.

கடைசி நாள் துணி என்னவென்று தெரியாமலேயே பெட்டி அடுக்கி முடிந்திருந்தது. மேஸ்திரிக்கு அது பிறகுதான் உறைத்தது.

6

காலி இடம் சும்மா இருக்காது. இது நான் எழுத இருந்த கட்டுரையில் வந்திருக்க வேண்டிய வாக்கியம்.

அவர் மனைவி ஜன்னலை விட்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு இடம் மிச்சமிருக்கா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது ஆச்சரியம்தான். உள்ளே போய்த் தன் கனத்த மேல்கோட்டைக் கொண்டுவந்தாள்.

"இது வருமா?"

"ஏன் வராது?" மேஸ்திரி அதை வாங்கி, காற்றை அமுக்கி எடுத்து, ஒரு செங்கல் அளவுக்குச் சுருக்கி ஓரத்தில் வைத்தார்.

அப்புறம் அவளுடைய பீங்கான் கோப்பை வந்தது. அதற்குள் கைக்குட்டைகளைத் திணித்து, துண்டில் சுற்றி, ஸ்வெட்டர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். அப்புறம் படிப்பு விளக்கு. கழுத்தைக் கழற்றி, தண்டு ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாகப் படுக்க வைத்தார். அப்புறம் அவள் தலையணை. தலையணையை எந்தப் புத்தியுள்ள மனிதனும் பெட்டியில் வைக்கச் சம்மதிக்க மாட்டான். இவர் அதை ஒரு கவருக்குள் போட்டு, முழங்காலால் மிதித்துக் காற்றை வெளியேற்றி, அப்பளம் மாதிரி ஆக்கி மூடியின் உள்பக்கம் செருகினார். "பாத்தியா?" என்று அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆறு மாதத்துக்குப் போகிறவள் தலையணையை ஏன் எடுத்துப் போகிறாள்? விளக்கு அங்கே இருக்காதா? கோப்பைக்கா பஞ்சம்? அவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அடுக்குகிறாரோ, அவ்வளவுக்கு அவள் இந்த வீட்டிலிருந்து காலியாகிக்கொண்டிருக்கிறாள். தன் கையாலேயே, அதுவும் பெருமைப்பட்டுக்கொண்டே, அவளை முழுசாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அவள் ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்தாள். நாடாவால் கட்டியது, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. நேரில் பார்த்ததில்லை என்றாலும், அவள் சொல்லிச் சொல்லி அவருக்கு அது என்னவென்று தெரியும். அவள் மெழுகு செதுக்கும் கத்திகள். லேபில் அவள் மேஜை இழுப்பறையில் இருப்பவை. வீட்டுக்கு வந்ததே இல்லை.

"இதைக் கொண்டாந்துட்டியா?"

"நேத்தே எடுத்துட்டு வந்துட்டேன்."

"அங்க எல்லாம் அவங்களே தருவாங்கன்னு சொன்னியே."

"தருவாங்க. இது என் கைக்குப் பழகினது. இது வருமா பாருங்க."

7

இங்கே நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இடம் இருக்கிறது. ஷூவுக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சந்து, அந்தச் சுருளுக்கென்றே அளவெடுத்து விட்ட மாதிரி. அது மேஸ்திரிக்குத் தெரியும். இனி அவர் என்ன செய்வார்?

'அவர் ஒன்றும் பேசாமல் சுருளை வாங்கி அந்தச் சந்தில் வைத்தார். அவர் கண்கள்—' என்று எழுதினேன். கண்கள் என்ன செய்தன என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

'"போகாதே!" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.' இதைப் படித்துவிட்டு நானே நெளிந்தேன். இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஷெட்டில் ஒருவன் காலில் மூட்டை விழுந்தபோதுகூட, "மூட்டையை வலப்பக்கம் எறக்கு, ஆளை இடப்பக்கம் எறக்கு" என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது.

பொய் சொல்வாரா? இடம் இருக்கும்போது இல்லை என்று சொல்வது அவர் தொழிலுக்கு அடுக்காது. எத்தனையோ கடைக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், சகலை வந்து தன் எதிரிக் கடைக்காரனின் சரக்கை ஏற்றாதே என்று காதைக் கடித்திருக்கிறான். அவர் அசைந்ததில்லை. சொல்ல மாட்டார் என்றுதான் நான் நம்பினேன். எழுதும் கை வேறு மாதிரி எழுதியது.

"இடமில்ல," என்றார் மேஸ்திரி.

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஒரு பல் விழுந்த இடத்தின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுகிறவள் அவள். குனிந்து, இரண்டு விரலை அந்தச் சந்துக்குள் விட்டாள். மூன்றாவது விரலும் போனது. பிறகு மொத்தக் கையும் போனது.

"இடமிருக்கே."

"இல்ல."

"என்னங்க, என் கை உள்ள இருக்கு."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல உங்க வாயில இருந்து 'இடமில்ல'ன்னு நான் கேட்டதே இல்ல," என்றாள் அவள் மெதுவாக.

"அதை எடுத்துட்டுப் போனா நீ வர மாட்ட."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கு மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

"வேலையை விட்டுட்டியா?"

"இல்ல, லீவுதான்."

"அப்ப வருவியா? எனக்கு பயமா இருக்கு. காலையில இருந்து கடைசி நாள் துணி, கடைசி நாள் துணின்னு கேட்டேனே, துணிக்காகவா கேட்டேன்?"

"தெரியும். அதனாலதான் பதில் சொல்லல." அவள் கட்டிலில் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "வருவேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியலங்க. தெரிஞ்சா ஒரு துணியை எடுத்து நானே உங்க கையில குடுத்திருக்க மாட்டேனா?"

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணல. அதான் சொல்ல வர மாட்டேங்குது. இந்த வீட்ல நான் கையை நீட்டினா கரண்டி வருது. நீட்டுறதுக்கு முன்னாடியே வருது. ஒரு நாளாவது நான் தேடணும். தேடி, கெடைக்காம, எரிச்சலாகி, எங்கயோ சம்பந்தமில்லாத எடத்துல கெடச்சு… அப்ப நான் எப்படிப்பட்ட ஆளா இருப்பேன்னு பாக்கணும் போல இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

மேஸ்திரி நன்றாக யோசித்தார்.

"வேணும்னா கரண்டியை எடம் மாத்தி வெச்சிடட்டுமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதையும் நீங்கதானே மாத்தி வெப்பீங்க."

(காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று மூன்றாம் பகுதியில் சொன்னேன் அல்லவா? நான் கண்டுபிடிக்கவில்லை. அவளே சொன்னாள். இது போதுமான காரணமா என்று என் வீட்டில் கேட்டேன். "போதும், போதும்" என்று இரண்டு முறை சொன்னார்கள். இரண்டாவது 'போதும்' ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

8

அவள் எழுந்து, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிலில் கவிழ்த்தாள். சுருள் சுருளாக நின்றதெல்லாம் சரிந்தது. தலையணை கவருக்குள் காற்றை இழுத்துக்கொண்டு மெல்ல உப்பியது.

"நான் கட்டுறேன்," என்றாள். "நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

மேஸ்திரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அவள் துணிகளைச் சுருட்டவும் இல்லை, அடுக்கவும் இல்லை. கைக்கு வந்ததை மடித்தாள், மடிப்பு கலைந்தால் அப்படியே போட்டாள். ஷூவைத் தலைப்பக்கம் வைத்தாள். அவர் வாயைத் திறந்து, ஒரு கொட்டாவியாக மாற்றி, மூடிக்கொண்டார். சாக்ஸ் தனியாக ஒரு மூலையில் பந்தாகக் கிடந்தது, ஷூவுக்குள் வெறும் காற்று. அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஆனாலும் வேறு ஒன்றையும் கவனித்தார். அவளுக்கு நெற்றி சுருங்குகிறது, உதட்டைக் கடிக்கிறாள், ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயா அங்கேயா என்று நிற்கிறாள். மெழுகில் வேலை செய்யும்போது இந்த முகம்தான் இருக்குமோ? இத்தனை வருஷத்தில் அவர் அவள் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அவருக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

பாதியிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. பாதிச் சாமான் கட்டிலில் மிச்சம்.

வாசகர்களுக்கு இந்த இடம் பிடித்திருக்கும். முடிவு வரப்போகிறது என்று மூக்கில் வியர்க்கும். நானும் மூன்று முடிவு எழுதினேன். கத்திச் சுருளை அவள் கட்டிலில் விட்டுவிட்டுப் போகிறாள், அதாவது வருவாள். கத்திச் சுருளை எடுத்துக்கொள்கிறாள், அதாவது வர மாட்டாள். கத்தியைப் பாதியாகப் பிரித்து, பாதியை அங்கே, பாதியை— இது எனக்கே கேவலமாக இருந்தது. ஒரு மனுஷி தனக்கே தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவளுக்குப் பதில் ஒரு துணிச் சுருளைப் பேச வைப்பது நியாயமில்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன். அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள், தலையணையை விட்டுவிட்டாள், விளக்கை எடுத்தாள், கோப்பையை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். இதிலிருந்து நீங்கள் எந்த அர்த்தமும் எடுக்க முடியாது. நான் முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

9

மூடி மூடவில்லை. ஜிப்பின் இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் ஒரு கை அகலம் திறந்து நின்றது. அவள் முழங்கையால் அழுத்தினாள். பெட்டியைத் தரையில் இறக்கி, குனிந்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மேல உக்காருங்க."

"என்னது?"

"பெட்டி மேல உக்காருங்கங்க. ஜிப் போடணும்."

சரக்கின் மேல் உட்கார்ந்து அமுக்கி ஏற்றுகிறவனிடம் ஷெட்டில் மறுநாள் வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவார் மேஸ்திரி. அவர் எழுந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ முனகியது. கோப்பையாக இருக்கலாம். அவள் அவரைச் சுற்றி மண்டியிட்டு நகர்ந்து, ஒவ்வொரு விரற்கடையாக ஜிப்பை இழுத்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க. இப்ப அந்தப் பக்கம்." அவர் சாய்ந்தார். மூலை திரும்பியது. கடைசி மூலையும் திரும்பி, ஜிப் போய் முட்டி நின்றது.

"மூடிடுச்சு!" என்றாள். முகமெல்லாம் வியர்வை. தானே கட்டிய முதல் பெட்டி. "மூடிடுச்சுங்க. எழுந்திருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுந்தால் அவள் பெட்டியை நிமிர்த்துவாள். நிமிர்த்தினால் கிளம்புவாள். உட்கார்ந்தே இருந்தால் கிளம்ப முடியாது. இவ்வளவு எளிய விஷயம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. இப்படித் தடுப்பது முறையல்ல என்றும் அவருக்குத் தெரியும். கால்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

"ரெண்டு பேருக்கு இடம்—" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தள்ளி உட்கார்ந்தார். இடம் இருந்தது. தோளோடு தோள் இடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி தாங்கியது.

கீழே தெருவில் வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

யார் முதலில் எழுந்திருப்பார்? நான் ஒரு வரி எழுதினால் போதும், ஒருவர் எழுந்துவிடுவார், கதையும் முடிந்துவிடும். பேனாவை வைத்துவிட்டேன். மேஸ்திரிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்கலாம். மாட்டேன். அவர் இப்போது போனை எடுக்க எழுந்துவிட்டால் என்ன ஆகும்?

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஓர் உதவி செய்யுங்கள். மெதுவாக, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, படி இறங்கிப் போய் அந்த டிரைவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மேலே என்ன நடக்கிறது என்று அவர் கேட்டால், பெட்டி கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள்.